லோங்காங் மூடியும் ஆராய்ச்சி மணியும்

எங்கள் தாமானில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு லோங்காங் இருக்கிறது. அதன் சிமெண்டு மூடிகளில் நான்கு உடைந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூத்தட்டோடு வந்த ஒரு பாட்டி அதில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதற்கு முன்பே எங்கள் கிளைச் செயலாளர் உள்ளூர் மன்றத்துக்கு இரண்டு முறை புகார் அனுப்பியிருந்தார். இரண்டு முறையும் ஒரு எண் வந்தது. சில வாரம் கழித்து, 'புகார் முடிக்கப்பட்டது' என்று செய்தி வந்தது. லோங்காங் மட்டும் திறந்தபடியே கிடந்தது.

"இனிமே யாரையும் கெஞ்ச வேணாம். நம்மளே செஞ்சிடுவோம்," என்றார் தலைவர் அண்ணன். எல்லாரும் கைதட்டினோம். சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் பெருமைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங். பலகை அடித்து, கம்பி வலை போட்டு, சிமெண்டு கலக்கி நான்கு மூடிகள் வார்த்தோம். ஆடாமல் இருக்கட்டும் என்று ஓரங்களில் சாந்து வைத்துப் பூசினோம். படம் எடுத்தோம். பெரியவர்கள் பாராட்டினார்கள். கோயிலில் அர்ச்சனைகூட செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெருமழை. ரோட்டுத் தண்ணீர் லோங்காங்குக்குள் இறங்க நான் இடைவெளியே விடவில்லை. சாந்து பூசியதால் மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்யவும் முடியாது. அடியில் மணலும் இலையும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ரோட்டிலேயே நின்று, பிறகு பள்ளத்தில் இருக்கும் கீழ் வரிசை வீடுகளுக்குள் போனது. அங்கே ஒரு மக்சிக் துணி தைத்துப் பிழைப்பவர். நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருந்தது. ஊரார் தைக்கக் கொடுத்த துணிகளும் தையல் மெஷினின் மோட்டாரும் நனைந்துவிட்டன.

அவர் மன்ற அலுவலகத்துக்குப் போனார். 'அந்த மூடி நாங்கள் போட்டது இல்லை' என்றார்கள். எங்களிடம் வந்தார். 'நாங்கள் நல்ல எண்ணத்தில் செய்தோம், மக்சிக்' என்றோம். அவர் சண்டை போடவில்லை. "அப்படியென்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது?" என்று மட்டும் மலாயில் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மன்றத்தைப் பற்றி நாங்கள் என்ன குறை சொன்னோமோ, அதையே மக்சிக்குக்கு நாங்களும் செய்துவிட்டோம். அவரைக் கேட்காமல் முடிவு எடுத்தோம். தவறு நடந்ததும் 'எங்கள் மேல் தப்பில்லை' என்றோம். நல்ல மனதோடு செய்கிறவன் பதில் சொல்ல வேண்டியதில்லையா? சேவை செய்துவிட்டால் கேள்வி கேட்கும் கடமை தீர்ந்துவிடுகிறதா? இந்த இரண்டு கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்க நினைக்கிறேன்.

முதலில் சேவை. நம் இயக்கத்தில் வளர்ந்த யாருக்கும் அது புதிதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, படகு கொண்டு வந்தவர்களும் சோறு சமைத்து அனுப்பியவர்களும் பெரும்பாலும் சாதாரண மக்கள்தான். கோயில், குருத்வாரா, சூராவ் என்று எல்லா இடத்திலும் அடுப்பு எரிந்தது. கூரை மேல் ஆள் உட்கார்ந்திருக்கும்போது 'இது யார் வேலை?' என்று கேட்பது பாவம். முதலில் கை கொடுக்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு? அப்போதும் நாம் கேட்கவில்லை என்றால், அடுத்த வெள்ளத்துக்கும் அதே படகு, அதே சோறு. ஆபத்தில் செய்யும் உதவியும், நாள்தோறும் நடக்க வேண்டிய வேலையை நாமே இழுத்துப் போட்டுக்கொள்வதும் ஒன்றில்லை. இரண்டாவது, செய்யாதவனுக்கு நாம் கொடுக்கும் விடுமுறை.

"நம்ம தாமான், நாம சுத்தம் பண்றோம், இதுல என்ன தப்பு?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்குக் கிடைத்த பதில் இது. எங்கள் தாமானில் இளைஞர்கள் இருக்கிறார்கள், கிளை இருக்கிறது, சிமெண்டு வாங்கப் பணம் கொடுக்கக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நாலு ரோடு தள்ளி இருக்கும் மலிவுவிலை அடுக்குமாடியில் பாதிப் பேர் வயதானவர்கள். அங்கே யார் மூடி வார்ப்பது? சேவை நமக்குப் பிடித்த இடத்துக்குப் போகும். பொதுச் சேவை எல்லா இடத்துக்கும் போக வேண்டும். அதற்காகத்தான் மதிப்பீட்டு வரி. பிப்ரவரி முடிவதற்குள் ஒரு தவணை, ஆகஸ்டு முடிவதற்குள் ஒரு தவணை. வாடகைக்கு இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைத்தான் கட்டுகிறார். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அகங்காரம் இல்லை. கேட்க ஆளில்லாதவர்களுக்காகவும் கேட்கிறோம் என்றால், அதுவும் சேவைதான்.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் சிக்கல். தாமானுக்குள் இருக்கும் லோங்காங் உள்ளூர் மன்றத்தின் பொறுப்பு. அது போய்ச் சேரும் ஆறும் பெரிய வடிகாலும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கையில். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறை. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. அது பள்ளத்தைப் பார்த்துப் போகும். ஆனால் புகார் கொடுக்கிறவர் இந்த எல்லைகளுக்கு நடுவே அலைய வேண்டும்.

எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: "நம்ம பகுதி கவுன்சிலர் பேரு யாருக்குத் தெரியும்?" இருபத்து மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் தெரியும், சட்டமன்ற உறுப்பினர் பெயர் தெரியும். வீட்டு வாசல் குப்பையையும் லோங்காங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டியவரின் பெயர் தெரியாது. ஏன்? நாம் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

எப்போதும் இப்படி இல்லை என்பதை அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் 1951-இல் ஜோர்ஜ்டவுனில் நடந்தது. நாடாளுமன்றம் வருவதற்கு முன்பே நம் தாத்தா காலத்தவர்கள் நகரத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். 1957-இல் ஜோர்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. உள்ளூர் மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்றிலிருந்து கவுன்சிலர்களை மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்றபோது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

சமய வகுப்பில் மனுநீதிச் சோழன் கதை கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். திருவாரூரில் அரண்மனை வாசலில் ஓர் ஆராய்ச்சி மணி. இளவரசன் தேரில் அடிபட்டுக் கன்று இறந்தது. பசு வந்து மணியை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நாம் எப்போதும் அரசனைத்தான் புகழ்கிறோம். நான் இப்போது அந்தக் கயிற்றைப் பற்றித்தான் யோசிக்கிறேன். பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் கயிறு தொங்கியது. அரசன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கயிறு எட்டாமல் போயிருந்தால் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்காது. நல்லவர் ஆளுகிறாரா என்பது ஒரு கேள்வி. அடிபட்டவருக்குக் கயிறு எட்டுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் பொறுப்புக்கூறல்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. எங்கள் கிளையில் மூத்த அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, தேர்தல் வந்தா நம்ம ஆளு எத்தனை பேரு ஜெயிப்பான்? இப்ப நியமனத்துல ரெண்டு மூணு பேராவது உள்ள இருக்கான். அதையும் விட்டுடப் போறியா?" இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். சிறுபான்மையாக இருப்பவனுக்கு அந்தப் பயம் உண்மையானது. கோயில் நிலம், மயானம், சாலையோரக் கடை லைசென்ஸ் எல்லாமே மன்றத்தில் முடிவாகும் விஷயங்கள். உள்ளே நம்மவர் ஒருவர் இருப்பது பெரிய உதவி.

ஆனால் அந்த ஒருவர் யாருக்குப் பதில் சொல்வார்? பதவி கட்சி கொடுத்தது என்றால் அவர் கட்சியைத்தான் பார்ப்பார். அவர் நல்லவராக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை உரிமை என்று சொல்ல முடியாது. இன்னொன்று: நான் போட்ட மூடியால் தண்ணீர் புகுந்தது மக்சிக் வீட்டில். லோங்காங்குக்கு இனம் கிடையாது. அதற்காகக் கேட்கும்போது மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்ந்து கேட்டால்தான் பலம். தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். கேட்க ஒரு கயிறு வேண்டும் என்பதில் வேறுபாடு இருக்க நியாயமில்லை.

இனி, எனக்குக் கஷ்டமான பகுதி. பதில் சொல்லும் கடமை மன்றத்துக்கு மட்டும்தானா? காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. குடவோலை முறை என்று நாம் பெருமையாகப் பேசுவது இதைத்தான். அங்கே நிற்கும் தகுதி நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. நம்மில் பலருடைய முன்னோர்கள் அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே போயிருக்க முடியாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விதி என்னை நிறுத்தியது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது.

இந்த விதியை நம் கிளைகளுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் போட்டுப் பாருங்கள். எத்தனை பேர் மிஞ்சுவோம்? நாங்கள் சிமெண்டுக்கு வசூலித்த பணத்துக்கு ரசீது இருந்தது, ஆனால் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. 'நம்ம பசங்கதானே' என்று விட்டுவிட்டார்கள். மன்றத்தில் அந்த அலட்சியத்தைத்தான் நாம் திட்டுகிறோம். நல்ல எண்ணம் ஒரு வேலையைத் தொடங்கப் போதும். அந்த வேலையால் அடிபட்டவருக்கு அதைப் பதிலாகக் கொடுக்க முடியாது.

பிறகு நாங்கள் செய்தது இவ்வளவுதான். நான்கு மூடிகளையும் நானே சுத்தியலால் உடைத்தேன். பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்தோம். தலைவர் அண்ணனும் நானும் மக்சிக் வீட்டுக்குப் போய், 'தப்பு எங்களுடையது' என்று சொன்னோம். மோட்டாரைப் பழுது பார்த்த செலவையும் துணிகளுக்கான ஈட்டையும் கிளைப் பணத்திலிருந்து கொடுத்து, அடுத்த கூட்டத்தில் கணக்கை வாசித்தோம். எந்த மூடியில் என்ன பிழை என்று நான் எழுதிய ஒரு பக்கத்தையும் கூட்டக் குறிப்பில் சேர்த்தார்கள். படிக்க வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஐந்து பேர் மன்றத்தின் முழுக் கூட்டத்துக்குப் போனோம். மன்றம் தீர்மானம் போட்டுக் கதவை மூடினால் தவிர, அந்தக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 23-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வாசலில் இருந்த அலுவலர், "எந்தக் கட்சி?" என்று கேட்டார். "கட்சி இல்ல சார், கீழ் வரிசை, மேல் வரிசை," என்றான் நண்பன். மக்சிக்கும் எங்களோடு வந்திருந்தார். உள்ளே பேச எங்களுக்கு உரிமை இல்லை, உட்கார்ந்து கேட்க மட்டும்தான். ஆனால் கூட்டம் முடிந்ததும் எங்கள் கவுன்சிலர் தானாகவே வந்து, "எந்தத் தாமான்?" என்று விசாரித்தார். அன்றுதான் அவர் பெயரை நாங்கள் தெரிந்துகொண்டோம். ஒரு மாதத்தில் பொறுப்பு அதிகாரியின் பெயரும் தேதியும் போட்ட கடிதம் வந்தது. நான்கில் இரண்டு இடத்தில் இரும்புக் கம்பி மூடி போட்டுவிட்டார்கள். மற்ற இரண்டு இன்னும் பாக்கி.

பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். பாட்டி இன்னும் கைத்தடியோடுதான் கோயிலுக்கு வருகிறார். ஆனால் அந்த இரண்டு மூடிகளைப் பற்றி இப்போது யாரிடம் கேட்பது என்று மக்சிக்குக்குத் தெரியும். எங்களிடமும் கேட்கலாம் என்று தெரியும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'நம்ம பகுதி கவுன்சிலர் பேரு என்ன?' அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். 'போன வருஷம் நாம செஞ்ச வேலையால யாருக்காவது கஷ்டம் வந்துச்சா? வந்திருந்தா, அவங்க நம்மகிட்ட வந்து சொல்ல முடியுமா?'