பாதிப் பெயர்

பொத்தானை அழுத்திவிட்டேன். "யா, பிட்டே?" என்று சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. ஜெர்மனியில் அதற்கு முதலில் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கு வாய் வரவில்லை. குரல் மறுபடி கேட்பதற்குள் ரோட்டே ஸ்ட்ராஸேயில் விடுவிடுவென்று நடந்துவிட்டேன். காலிங்பெல்லை அடித்துவிட்டு ஓடுகிற வயதா எனக்கு?

நடந்தது அவ்வளவுதான். ஹனோவரில் வேலை முடிந்து ஒரு பகல் மிச்சமிருந்தது, கோட்டிங்கனுக்கு ரயிலேறினேன். 1996 முதல் மூன்று வருடம் அந்த வீட்டு மாடியில் இருந்துதான் படித்தேன். ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. அந்தப் பொத்தான் இன்னும் விரல் நுனியிலேயே இருக்கிறது.

பொத்தானை ஒட்டி ஒரு பெயர்ச்சீட்டு. கட்டைவிரல் அகலம்தான். நான் குடிவந்தபோது வீட்டுக்கார அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து டைப் அடித்தார். 17 எழுத்தில் எட்டுதான் அடங்கியது, மீதியைக் கத்தரித்துவிட்டார். அதுவும் என் பெயரில்லை. நம் ஊரில் இனிஷியலாக ஓரமாய் நிற்கிற அப்பா, பாஸ்போர்ட்டில் விரிந்து குடும்பப் பெயராகிவிட்டார். பேராசிரியர் 'ஹெர்' போட்டுக் கூப்பிடும்போதெல்லாம் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். அவர் சென்னையைத் தாண்டியதில்லை.

கோட்டிங்கனுக்குப் பெயர்ப் பித்து. 1737-இல் திறந்த பல்கலைக்கழகம். அங்கே வாழ்ந்துபோன பெரியவர்களின் வீட்டுச் சுவர்களில் 1874 முதல் வெள்ளைச் சலவைக்கல் பதிக்கிறார்கள்: பெயர், இருந்த வருடங்கள். 300-க்கு மேல் இருக்கின்றன. கவிஞர் ஹைனேவுக்கும் உண்டு. 1821-இல் துவந்த யுத்தத் தகராறில் பல்கலைக்கழகம் அவரை விலக்கிவைத்தது. திரும்பி வந்து 1825-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே ஊரைக் கேலி செய்து அவர் எழுதியது வெளிவந்தது. ஊர் கோபப்படாமல் கல் பதித்தது பெருந்தன்மையா, சுற்றுலாக் கணக்கா, சொல்ல முடியாது.

எனக்கு ஜேம்ஸ் ஃபிராங்க் ஞாபகம்தான் வருகிறது. அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர், யூதர். 1933-இல் நாஜிகளின் சட்டத்தை எதிர்த்துப் பதவியைத் துறந்து, நாட்டை விட்டே போனார். 1953-இல் நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. 1964-இல் ஊரைப் பார்க்க வந்த இடத்தில் இறந்துபோனார். பழைய வீட்டு வாசலில் நின்றிருப்பாரா? நின்றிருந்தால் மணியை அழுத்தியிருப்பாரா? அவரோடு என்னை ஒப்பிடுவது அபத்தம், தெரியும். என்னை யாரும் துரத்தவில்லை. படிப்பு முடிந்தது, கிளம்பினேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை. எனக்கு ஆறு வயதிருக்கும். அம்மா வாங்கிய பித்தளைத் தூக்கில் பெயர் வெட்ட உளியும் சின்னச் சுத்தியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என்ன பேரும்மா?" என்றார். அம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். என் முதுகில் குத்தி, "நீ சொல்லுடா" என்றாள். கடைத்தெரு நடுவே அப்பாவின் பெயரை முழுசாகக் கத்தினேன். அவ்வளவு சத்தமாக அதை நான் சொன்னது அன்றைக்குத்தான். புள்ளி புள்ளியாக டக் டக்கென்று எழுத்து விழுந்தது.

அந்தத் தூக்கு இப்போது என்னிடம். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பின்பாதி மறைந்துவிட்டது. ஏறக்குறைய அந்தச் சீட்டில் இருந்த அளவுதான் மிச்சம். அகநானூற்றில் எங்கோ படித்தது, சரியாக நினைவில்லை: மறவர்கள் அம்பைத் தீட்டித் தீட்டி நடுகல்லின் எழுத்து மழுங்கிப்போக, வருகிறவனுக்குப் படிக்கக் கூடவில்லை என்று. மழுங்கியது வீரனின் பெயர். அம்பு தீட்டியவனுக்கு அது வெறும் கல்.

அன்றைக்கு எந்தப் பெயரைத் தேடிப் போனேன்? என் பெயர் அந்த வாசலில் ஒருநாளும் இருந்ததில்லை. அப்பா போய் ஒன்பது வருடம். குரல் யாரென்று கேட்டபோது முதுகில் குத்த ஆளில்லாமல்தான் நின்றேனோ என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது. காலையில் அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. ஜெர்மன் மறந்துபோனதுதான் காரணமாக இருக்கலாம்.

அழுத்தும் முன் இரண்டு நிமிடமாவது சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் இப்போது எழுதியிருந்த பெயர் என்ன? எத்தனை யோசித்தும் ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.