கேட்காத கேள்விக்குப் பதில்

பையைத் தயார் செய்வது சுலபம். கூடாரம், மழைச்சட்டை, தலைவிளக்கு, அரிசி, அடுப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்து எழுதி, 15 கிலோவில் முடித்துவிட்டேன். பொறியியல் படிக்கிறவன், கணக்கு சரியா இருக்கணும் இல்லையா? கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. என் வலது முட்டி.

நாங்கள் எட்டுப் பேர். தித்திவங்சா மலைத்தொடரை யாரும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. பகுதி பகுதியாகத்தான் நடப்பார்கள். நாங்கள் எடுத்த பகுதி, கேமரன் மலைப் பக்கமாக யோங் பெலார் (2,181 மீட்டர்) ஏறி, காயோங், கொர்பு (2,183 மீட்டர்) சிகரங்களைத் தாண்டி, ஈப்போ பக்கம் உலு கிந்தாவில் இறங்குவது. நாலு நாள். வேர், சேறு, பாசி, அட்டை. அதைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான்.

பயிற்சிக்கு உலு லங்காட்டில் இருக்கும் நுவாங் மலைக்குப் போனோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, போன வருஷம் ஃபுட்சாலில் அடிபட்ட முட்டி பிடித்துக்கொண்டது. சப்பாத்துக் கயிறு கட்டுற மாதிரி அடிக்கடி குனிந்து சமாளித்தேன். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கேட்காததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? இரண்டு வாரம் இந்தக் கேள்வியோடு சண்டை போட்டேன். முதலில், 'என் உடம்பு, என் வலி, இதில் அடுத்தவனுக்கு என்ன?' என்று தோன்றியது. சமவெளியில் அது சரிதான். முடியவில்லை என்றால் கிராப் கூப்பிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டாம் நாள் மலைமுகட்டில் முட்டி போனால்? என் 15 கிலோவை ஏழு பேர் பிரித்தால் ஆளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல். அதையாவது பிரிக்கலாம். என்னை எப்படிப் பிரிப்பது?

அடுத்து ஒரு சமாதானம் வந்தது. வலியைத் தாங்குவதும் தவம்தானே? தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுகிறவர் வலியைப் பார்க்கிறாரா? ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் தனியாக ஏறுவதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார முக்காலி தூக்கி வருகிறார், ஒருவர் தண்ணீர் வைத்திருக்கிறார். அவர் எதைச் சுமக்கிறார் என்று கூட வருகிற எல்லாருக்கும் தெரியும். அவருடையது சொல்லிவிட்டுச் சுமக்கிற சுமை. நான் செய்ய இருந்தது அது இல்லை.

கடைசியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வள்ளுவர். வலியறிதல் என்ற 48-ஆம் அதிகாரத்தில், செயலின் வலி, தன் வலி, எதிரியின் வலி மட்டுமல்ல, துணைவலியையும் எடைபோடச் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். அப்போது உறைக்கவில்லை. என் முட்டி எனக்குத் தன்வலி. மற்ற ஏழு பேருக்கு அது துணைவலி. நான் மறைத்தால் அவர்களுடைய தராசையும் சேர்த்தே கெடுக்கிறேன். அவர்கள் என்னை நம்பித்தான் தண்ணீர், உணவு, நேரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்காமலே ஏழு பேருக்குத் தப்பான எண்ணைக் கொடுத்திருந்தேன்.

குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பி, பையில என்ன இருக்குன்னு பட்டியல் கொடுத்தியே, கால்ல என்ன இருக்குன்னு ஏன் கொடுக்கல?"

"கேட்கலையே அண்ணே."

"கேட்டிருக்கணும், என் தப்புதான். ஆனா உனக்குத் தெரியும்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இயன்முறை மருத்துவர் மூன்று மாதம் இறக்கமே வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வாரம் ஏழு பேர் கிளம்புகிறார்கள். என் அடுப்பும் அரிசியும் இப்போது அவர்கள் பைகளில். நான் நாலாம் நாள் காரோடும் சுடச்சுட சோற்றோடும் உலு கிந்தாவில் காத்திருப்பேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆறு வாரம் மாடிப்படி ஏறியவனுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த இரண்டு கிலோவை அவர்கள் மலைமுகட்டில், மழையில், திடீரென்று எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும் முன்பே, தெரிந்து, நிறுத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

நீங்களும் அடுத்த பயணத்துக்குப் பட்டியல் போடும்போது, பைக்குள் இல்லாத ஒன்றையும் அதில் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும்.