வழியைக் காப்பதும் வழிபாடே

மெய்யடியார்களே,

செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக உகந்தைக்கு வந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரையை நாம் அறிவோம். நடப்பவரைப் போற்றுகிறோம், அவருக்கு நிழலும் நீரும் வைத்தவரை நினைப்பதில்லை.

எம் முன்னோர் தெருவோரத்தில் மடம் கட்டினர், கேணி வெட்டினர், சுமைதாங்கி நிறுத்தினர். திங்களூர் அப்பூதி அடிகள் தண்ணீர்ப்பந்தலுக்கு இட்டது தம் பெயரையன்று. தாம் கண்டிராத அப்பரின் பெயரை. அப்பரோ உழவாரம் ஏந்திக் கோயில் வீதியில் புல் செதுக்கினார். நாம் வாழும் அரபு மண்ணிலும், கூபாவிலிருந்து மக்கா செல்வோருக்காகக் கலீபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி சுபைதா நீர்நிலைகள் அமைத்த பாதை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

எந்தக் கட்டடத்துக்கும் தேய்மானம் உண்டென்பது கணக்காளர் அறிந்ததே. கட்டுவது ஒருமுறை, காப்பது ஆண்டுதோறும். 1983க்குப் பின் போர் யாத்திரையைத் தடுத்தது, பராமரிப்பார் இடம்பெயர்ந்தனர். ஏதிலிகளாய் வந்த நாமும் அவர்களுள் அடக்கம்.

ஆகவே, விடுமுறையில் ஊர் செல்பவர் ஒரு நாளை ஒதுக்கி ஒரு கேணியைத் தூர்வாருவோம், ஒரு மடத்தின் கூரையை மாற்றுவோம். செல்ல இயலாதவர் அந்நாட் கூலியை அனுப்புவோம். பெயர்க்கல் வேண்டாம், நீர் அருந்துபவர் முருகன் பெயரைச் சொன்னால் போதும்.

கதிர்காமக் கந்தன் திருவருள் துணைநிற்பதாக.