உன் கெஜக் கணக்கை நீயே எழுது

கோல்ஃபில் பந்து குழிக்கு நூறு கெஜத்துக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவன் தோற்றவன். ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிரைவர் மட்டையால் விளாசிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவனைப் பார்த்து நீ ஏன் கூசுகிறாய்? டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக், நீளமாக அடிப்பதில் கடைசி வரிசைக்காரர்களில் ஒருவர். கொரோனாவில் படுத்து எழுந்த உடம்பு. ஆனாலும் நான்காம் இடம். வெண்கலத்துக்கு ஒரே ஓர் அடிதான் குறைந்தது. கையில் இல்லாத நீளத்தை கிரீன் பக்கத்தில் ஈடுகட்டினார்.

மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பிலோ குண்டளையிலோ பை தூக்குகிற தம்பி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் தாண்டி செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்கு வேலைக்குப் போகிற தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன். 'பணக்காரன் ஆட்டம், நமக்கெதுக்கு' என்பவனிடம் இரண்டு பெயர் சொல். டெல்லியில் பை தூக்கும் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய சி. முனியப்பா 2009இல் அதே கோப்பையை பிளேஆஃப் வரை போய்ப் பறித்தார். யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் ஆவேசம் மட்டும் பந்தைக் குழியில் போடாது. மட்டையைத் திருப்பிப் பார்.

சாண்ட் வெட்ஜின் அடியில் 56 என்று பொறித்திருக்கும். அது லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, டிகிரியில். செட்டோடு வந்த பிட்சிங் வெட்ஜில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. 'பி' என்ற ஓர் எழுத்து மட்டும். சூட்சுமம் அங்கேதான். பழைய செட்டுகளில் அது 48 டிகிரி வாக்கில் இருந்தது. தூரம் போகிறது என்று காட்டி விற்பதற்காகக் கம்பெனிகள் சாய்வைக் குறைத்துக் குறைத்து, இன்று 44, 43 வரை கொண்டுவந்துவிட்டன. 44க்கும் 56க்கும் நடுவே 12 டிகிரி ஓட்டை! 'பி' உனக்கு 110 கெஜம், 56 உனக்கு 75 கெஜம் என்றால், 93 கெஜத்தில் கிடக்கும் பந்துக்கு உன் பையில் பதில் இல்லை. ஒன்றை உயிரைக் கொடுத்து அடிக்கிறாய்; இன்னொன்றை அடிக்கும்போது பாதியில் கை தயங்குகிறது. பிறகு 'எனக்கு ராசியில்லை' என்று புலம்புகிறாய். ராசி என்ன செய்யும்? நடுவில் ஒரு 50 டிகிரி வெட்ஜ் வேண்டும், அவ்வளவுதான். பழைய மட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கிலிருந்து ஆறு டிகிரி இடைவெளியில் வெட்ஜுகள் வரிசையாக நிற்கட்டும். 60 டிகிரி ஆசை இப்போதைக்கு வேண்டாம்; பந்தை வானத்துக்குத் தூக்கிக் காட்டுவது வேடிக்கைக்காரன் வேலை. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்பது 1938இல் அமெரிக்காவில் வந்த விதி. ஆகவே 50 உள்ளே வந்தால், உனக்கு ஒருநாளும் சரியாக மாட்டாத அந்த நீள அயர்ன் வெளியே போகட்டும்.

நாசாவில் விஞ்ஞானியாக இருந்த டேவ் பெல்ஸ் என்ற அமெரிக்கர் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வெட்ஜையும் மூன்று அளவில் வீசு: இடுப்பளவு, நெஞ்சளவு, முழுசு. மூன்று வெட்ஜுக்கு ஒன்பது தூரம். பந்து எங்கே நின்றது என்று பார்க்காதே; எங்கே விழுந்தது என்று பார். அந்த எண்ணைத் துண்டு டேப்பில் எழுதி மட்டையின் தண்டில் ஒட்டு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்து எழுதினால் விடாமல் கேள்வி கேட்கிற அம்மா பெற்ற பிள்ளை நீ! 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கிய தேயிலைத் தோட்டப் பெண்களின் ஊர் அது. அவர்களுக்குத் தங்கள் கணக்கு விரல் நுனியில் இருந்தது. உன் கணக்கு உனக்கு ஏன் தெரியவில்லை?

அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசனும் பை தூக்கியவர்தான். இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தச்சரின் மகன். மணலில் விழுந்த பந்து அவரைப் படாதபாடு படுத்தியது. 1931 வாக்கில் மட்டையின் அடிப்பாகத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டினார், அரத்தால் ராவினார், மணலில் அடித்துப் பார்த்தார், மறுபடி ராவினார். அந்த மட்டையோடு போய் 1932 பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார். இன்றைய சாண்ட் வெட்ஜின் அடிக்கனம் அந்த ஈயத்தில் பிறந்தது. அந்த அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்து நிற்கும் கோணத்தை பவுன்ஸ் என்பார்கள். மூணாறு மழைக்காலத்துச் சொதசொத மண்ணுக்கு 12 டிகிரி பவுன்ஸ் மண்ணில் புதையாமல் வழுக்கிப் போகும். மாசி மாதத்துச் செட்டிபாளையத்தின் காய்ந்த தரையில் அதே மட்டை துள்ளிப் பந்தின் மண்டையில் இடிக்கும். அங்கே பவுன்ஸ் குறைந்தது தேவை. இன்னொன்று: மூணாறின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் போகும். மலையில் எழுதிய டேப்பை நம்பிச் சமவெளியில் ஆடாதே, திரும்ப அள.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செட்டிபாளையம் மீது அடிக்கும்போது, உயரே போன பந்து திரும்பி வரும். சாய்வு குறைந்த மட்டை, குட்டை வீச்சு. பந்து தாழப் போகட்டும். கேடிகளை விளையாடவிடும் நாள் எது என்று உன் கிளப்பில் கேள், அன்றைக்கே அளந்து எழுது. அடுத்த நாள் ஆடுகிறவர் திரும்பி 'எத்தனை?' என்று கேட்டால் தலையைச் சொறியாதே. "82 கெஜம் சார், எதிர்க்காத்து. 56 வேணாம், பி எடுங்க, நெஞ்சளவு போதும்" என்று சத்தமாகச் சொல்லி, மட்டையை நீட்டு.