யூனிபோல் தெரியாதா? போய்க் கேள்!

"கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு விளம்பரத் தொழிலா?" என்று உதட்டைப் பிதுக்குகிறாய்.

ஏன் கூடாது?

செஞ்சி சாலை உன் ஊர் வழியாகத்தானே போகிறது? திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்கு வரும் வண்டிகள் உன் கண்ணெதிரே ஓடவில்லையா?

டிசைன் போடத் தெரியும் உனக்கு. ஆனால் ஏஜென்சிக்காரர் "சைட் எங்கே? ஃப்ரண்ட்லிட்டா, பேக்லிட்டா?" என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

நாலு வார்த்தைக்கா இந்தப் பயம்?

போர்டு நிற்கும் இடம்தான் சைட். முன்னாலிருந்து விளக்கடித்தால் ஃப்ரண்ட்லிட். பின்னாலிருந்து ஒளி ஊடுருவினால் பேக்லிட். விளக்கே இல்லையா? நான்லிட். ஒற்றை இரும்புத் தூணில் நின்றால் யூனிபோல். சாலைக்குக் குறுக்கே போட்டால் கேன்ட்ரி. ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது மவுண்டிங்.

அவ்வளவுதான்! இதற்கா இத்தனை நாள் ஒளிந்தாய்?

"40க்கு 20" என்றால் அகலம் 40 அடி, உயரம் 20 அடி. பெருக்கு! 800 சதுர அடி. அச்சுக்கூலி சதுர அடிக் கணக்கு. வாய்ப்பாடுமா மறந்துவிட்டது?

இன்னொரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் சுமார் 55 அடி கடந்துவிடும். வண்டி ஓட்டுபவன் உன் போர்டைப் பார்ப்பதே சில நொடிதான். அதில் கடையின் தலவரலாறு முழுக்க எழுதினால் யார் படிப்பார்?

வெட்டு! ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வைக்காதே. கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்! (பேரன் படத்தையும் போடச் சொல்வார். அதையும் மறு.)

"என்னைப் போன்றவனுக்கு..." என்று இழுக்காதே. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு கழுவியவர். தெரியுமா உனக்கு?

ஃப்ளெக்ஸ் வந்தது. தூரிகைக்காரர்கள் பிழைப்பு போனது. அழுதார்கள், நியாயம்தான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தவர்களும் அவர்களில் உண்டு! நாற்பது வயதுக்கு மேல் அவர்கள் கற்றார்கள். உனக்கு என்ன வயது?

குறுக்கு வழி மட்டும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியில்லாத பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண்ணின் உயிரே போனது. அனுமதி வாங்காமல் ஒரு கம்பம்கூட நடாதே!

நாளைக் காலை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போ. விதிமுறை என்ன என்று கேள். அப்படியே பிரிண்டிங் கடைக்குப் போய் ரேட் கேள். விரட்டினால் திருவண்ணாமலையில் வேறு கடையா இல்லை?

பஸ் ஏறு!