கொடையா, கடனா? – அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் சுகாதாரம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அரசாங்கமொன்று தன் குடிகளுள் ஒரு சாராரின் சுகாதாரத்திற்கெனத் தனியாகப் பணம் ஒதுக்கும்போது, அச்செயலைக் கொடை என்று கொள்வதா, கடன் என்று கொள்வதா? இது வெறுஞ் சொல்வேறுபாடே எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், கொடையின் அளவையும் காலத்தையும் தீர்மானிப்பவன் கொடுப்பவனே. கடனைத் திருப்பிச் செலுத்துபவனுக்கோ அவ்வுரிமை இல்லை. பெறுபவன் தலை குனிந்து நிற்பதும் நிமிர்ந்து நிற்பதும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன. அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் அனுபவம் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

1788ஆம் ஆண்டில் பிரித்தானியர் அங்கு குடியேறத் தொடங்கிய காலந்தொட்டு, ஆதிக்குடிகள் தம் நிலத்தையும் நீர்நிலைகளையும் அவற்றோடு இணைந்த வாழ்க்கை முறையையும் படிப்படியாக இழந்தனர். புதிய நோய்களும் அவர்களைப் பெருந்தொகையிற் பலிகொண்டன. 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியல் யாப்பு, அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய பாராளுமன்றத்திற்கு வழங்கவில்லை. 1967ஆம் ஆண்டின் பொதுசன வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 90 சதவீதத்திற்கு மேற்பட்டோர் இசைந்ததன் பின்னரே அத்தடை நீங்கியது. எனினும், 2020–2022 காலப்பகுதிக்குரிய கணிப்பின்படி, ஆதிக்குடி ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏனைய ஆண்களினதிலும் 8.8 ஆண்டுகளும், பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏனைய பெண்களினதிலும் 8.1 ஆண்டுகளும் குறைந்தே காணப்பட்டது.

இவர்களுக்கெனத் தனி நிதி ஒதுக்குவதை எதிர்ப்போர் இரு நியாயங்களை முன்வைப்பர். குடிகள் யாவரும் சமமாயின் ஒரு சாராருக்கு மட்டும் மேலதிக நிதி எதற்கு என்பது முதலாவது நியாயமாகும். 1984 முதல் அந்நாட்டில் நிலவிவரும் ‘மெடிகெயார்’ என்னும் பொது மருத்துவக் காப்புறுதி எல்லாருக்கும் உரியதே. ஆயின், அத்திட்டத்தின் பணம் பெரும்பாலும் வைத்தியரை நாடும்போதே வெளிப்படுகின்றது. வைத்தியரே இல்லாத தொலைதூரக் குடியிருப்பில் வாழ்பவரின் கையிலுள்ள காப்புறுதி அட்டை யாது பயன் தரும்? உரிமையைச் சமமாக எழுதிவைத்து, அதனை அனுபவிக்கும் வாயிலை ஒருசாராருக்கு அடைத்துவிடின் அது சமத்துவமாகாது. நோயின் அளவுக்கேற்ப மருந்தளிக்கும் வைத்தியனைப் பாரபட்சம் உடையவன் என எவரும் குறை கூறுவதில்லை.

முன்னோர் இழைத்த தீங்கிற்கு இன்று வரி செலுத்துவோர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது இரண்டாவது நியாயமாகும். இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒருவன் செய்த குற்றத்தை மற்றொருவன் தலையிற் சுமத்துதல் நீதியன்று. ஆயின், குற்றம் வேறு, கடன் வேறு. தந்தையின் வளவை முதுசமாகப் பெறும் மகன், அவ்வளவின் மேலுள்ள ஈட்டையும் சேர்த்தே ஏற்கின்றான். ஈடு வைத்தவன் தானல்லன் என அவன் விலகிவிட முடியாது. அந்நிலத்தின் செல்வத்தை இன்றும் அனுபவிக்கும் அரசு, அந்நிலத்தை இழந்தோரின் சந்ததி சுமக்கும் நோயைத் தனக்குப் புறம்பானது எனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

கடன் என்பதை ஏற்றபின் வேறொரு வினா எழுகின்றது: அப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பவர் யார்? வாதக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். ஒருவகைப் பற்றீரியாவின் தொற்றினைத் தொடர்ந்து தோன்றும் இந்நோய், மீண்டும் மீண்டும் தாக்கி இதய வால்வுகளைப் பழுதாக்குகின்றது. நெருக்கடியான குடியிருப்பும் நீர் வசதிக் குறைவும் தொற்றுக்கு வழிசெய்கின்றன. ஏனைய அவுஸ்திரேலியரிடையே அருகிவிட்ட இந்நோய், ஆதிக்குடிச் சிறார்களை இன்னும் வருத்துகின்றது. நோயுற்ற பிள்ளைக்குப் பல ஆண்டுகளாக ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி ஏற்றப்படுகின்றது. ஊசி இன்றியமையாததே. ஆயினும் பிள்ளை திரும்பிச் செல்வது அதே நெரிசல் மிகுந்த வீட்டிற்கன்றோ? ஊசிக்குரிய பணம் ஒரு திணைக்களத்திடமும் வீட்டிற்குரிய பணம் இன்னொரு திணைக்களத்திடமும் இருக்கலாம். தாய்க்கோ இரண்டும் ஒரே துயரமாகும்.

இவ்வுண்மையை ஆதிக்குடிகள் முன்னரே உணர்ந்திருந்தனர். 1971இல் சிட்னி நகரின் றெட்பேர்ன் பகுதியில், தாமே நிருவகிக்கும் மருத்துவ நிலையமொன்றை அவர்கள் தொடங்கினர். தொண்டர்களாக வந்த வைத்தியர்களின் துணையுடன் ஆரம்பித்த அம்முயற்சி பிற இடங்களுக்கும் பரவி, இன்று 140க்கு மேற்பட்ட சமூக நிருவாகச் சுகாதார நிறுவனங்களாக வளர்ந்துள்ளது.

பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டாமா எனக் கேட்கப்படலாம். காட்டவே வேண்டும். ஆயின், கணக்குக் கேட்பது வேறு. தீர்மானத்தையே பறித்துக்கொள்வது வேறு. அன்றியும், கணக்குக் காட்டும் பொறுப்பு பெறுபவருக்கு மட்டும் உரியதன்று. 2020இல் கைச்சாத்தான தேசிய உடன்படிக்கையின் மூலம், தீர்மானங்களை ஆதிக்குடிகளுடன் பகிர்ந்துகொள்வதாக அரசாங்கங்கள் வாக்களித்தன. அவ்வாக்குறுதிகள் பெரும்பாலும் நிறைவேற்றப்படவில்லை என, மத்திய அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவே 2024இல் சுட்டிக்காட்டியது.

ஆயுள் எதிர்பார்ப்பிலுள்ள இடைவெளியை அகற்றுவதற்கு அவ்வுடன்படிக்கை 2031ஆம் ஆண்டைக் குறித்துள்ளது. கொடைக்குத் தவணை இல்லை; கொடுக்கத் தவறியவனை எவரும் வினவுவதுமில்லை. கடனுக்குத் தவணை உண்டு. ஓர் அரசு தானே தவணை குறித்துக் கையொப்பமிட்டபின், அதனைத் தன் கருணையென்று கூற அதற்கு உரிமை ஏது?