பலனை விடுவதா, பணியை விடுவதா?

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் அனைவரும் கேட்டறிந்த அறவுரை. 'பலன்' என்னும் சொல்லே கனி என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்ததாகும். ஆகவே இந்த அறவுரையின் உட்பொருளை ஆராய்வதற்கு ஒரு பழத்தோட்டம் மிகவும் ஏற்ற இடம்.

திருவனந்தபுரத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தில் வீடு கட்டி வாழ்பவர்கள் பலர். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. வீடும் கிணறும் போக எஞ்சிய மண்ணில் தென்னை, பலா, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றுடன், வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோவும் இப்போது இடம் பெறுகிறது. கொட்டையிலிருந்து முளைத்த அவகாடோ காய்ப்பதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

பணி ஓய்வு பெற்ற ஒருவர் இத்தகைய கன்று ஒன்றை நடுவதாக வைத்துக்கொள்ளலாம். "பழம் கிடைத்தால் கிடைக்கட்டும், எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று கூறி, குழி தோண்டி நட்டுவிட்டு அவர் அமைதியாக இருந்துவிடுகிறார். இது பற்றின்மையா?

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பொழியும் ஊர் திருவனந்தபுரம். குழியில் நீர் தேங்கினால், மண்ணில் வாழும் ஃபைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் வேரைத் தாக்கி அழுகச் செய்கிறது. இலைகள் வெளிறிக் கன்று பட்டுப்போகிறது. எலுமிச்சை இனங்களுக்கும் இந்நோய் உண்டு. மண்ணை மேடாக்கி அதன்மேல் நட்டு, நீர் வடிய வாய்க்கால் எடுத்திருந்தால் அந்தக் கன்று பிழைத்திருக்கக்கூடும். பலனைத் துறந்ததாக எண்ணியவர் உண்மையில் துறந்தது தம் கடமையைத்தான். சோம்பலுக்குத் துறவின் காவியை உடுத்திவிடுவது மனித மனத்திற்கு மிக எளிது.

மறுபுறத்தில் இருக்கும் ஆபத்து

இதற்கு நேர்மாறானவரும் உண்டு. விரைவில் காய்க்க வேண்டும் என்று அவர் அடிமரத்தை ஒட்டி உரத்தைக் குவிக்கிறார். எலுமிச்சைத் தளிரைத் தின்னும் பச்சைப்புழுவைக் கண்டதும், கையால் எடுத்துப்போடாமல் கடும் நஞ்சைத் தெளிக்கிறார். புழுக்களுடன் தேனீக்களும் மடிகின்றன. மதிலைத் தாண்டிய கிளையில் எத்தனை காய்கள் குறைந்தன என்று எண்ணி, அண்டை வீட்டாருடன் பேச்சை நிறுத்துகிறார்.

அவகாடோவின் பூவோ அவருக்கு வேறு பாடம் வைத்திருக்கிறது. ஒரே பூ முதல்முறை பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் ஆணாக விரிகிறது. சில வகைகளில் பெண்மை காலையிலும், வேறு சில வகைகளில் பிற்பகலிலும் வெளிப்படும். ஆகவே இருவகை மரங்களும் அருகருகே இருந்தால் காய்ப்பு பெருகும். எந்த அண்டை வீட்டாருடன் அவர் பகை கொண்டாரோ, அந்த வீட்டு மரத்தின் மகரந்தமே அவருடைய கிளையில் கனியாகலாம். பலனை முழுதும் தனதாக்க முயல்பவர் பலன் வரும் வழியையே அடைத்துக்கொள்கிறார்.

கனி யாருக்கு?

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த அஞ்சல்காரர் ருடால்ஃப் ஹாஸ் 1926-இல் சில அவகாடோ விதைகளை நட்டார். முளைத்த ஒரு செடியில் வேறு வகையை ஒட்டுக்கட்ட முயன்றும் ஒட்டு பிடிக்கவில்லை. வெட்ட எண்ணிய அந்த மரத்தின் சுவையை அவருடைய பிள்ளைகள் எடுத்துரைக்க, மரம் பிழைத்தது. 1935-இல் காப்புரிமை பெற்றும் பெருஞ்செல்வம் சேரவில்லை. 1952-இல் அவர் மறைந்தார். தாய்மரமும் வேரழுகல் நோயால் பட்டு 2002-இல் வெட்டப்பட்டது. ஆயினும் உலகெங்கும் உள்ள 'ஹாஸ்' மரங்கள் யாவும் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வழியில் வந்தவையே.

ஹாஸ் துறவி அல்லர், பலனை விரும்பியவர்தான். அது தவறும் அன்று. கனியை மனத்தில் கொள்ளாதவருக்கு மேடு கட்டவே தோன்றாது. பலனை நோக்கமாகக் கொள்வது வேறு. பலனை உரிமையாகக் கொள்வது வேறு. நோக்கம் பணியைச் செம்மையாக்குகிறது. உரிமை உணர்வோ பணி செய்பவரைக் கலங்கச் செய்கிறது. எனவே, பற்றின்மை தொடங்க வேண்டிய இடம் முயற்சி அன்று, முயற்சி முடியும் இடம்.

அவகாடோ மரத்தில் தொங்கும்வரை முற்றுமே தவிர மென்மையாகக் கனிவதில்லை. கிளையிலிருந்து பறித்த பின்னரே அது கனிகிறது. முற்றும்வரை காப்பது தோட்டக்காரரின் கடமை. முற்றியதைக் கைநீட்டிக் கொடுத்துவிடுவதும் அதே கடமையின் மறுபாதி. மழைக்கு முன் மேடு கட்டி, முதல் கூடைப் பழத்தை மதிலுக்கு அப்பால் அனுப்புபவர் இவ்விரண்டையும் கற்றவராவார்.